எத்தனை பேப்பர் போட்டிருக்கிறீர்கள்?

(ஆய்வு மாணவர்களுக்கும் இளம் உதவிப் பேராசிரியர்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நேர்முகத் தேர்வில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். "எத்தனை பேப்பர் போட்டிருக்கீங்க?" பன்னிரண்டு என்றால் குழுத் தலைவர் தலையாட்டுவார். "எதுல? ஸ்கோபஸா, கேரா?" என்று இதழ் இருக்கும் பட்டியலைக் கேட்பது அடுத்த கேள்வி. அந்தப் பன்னிரண்டில் ஒன்றை எடுத்து, "இதுல என்ன கண்டுபிடிச்சீங்க, சொல்லுங்க" என்று கேட்பவரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அப்படி யாராவது கேட்டுவிட்டால் விண்ணப்பித்தவரைவிடப் பக்கத்து நாற்காலிக்காரர்கள்தான் அதிகம் நெளிவார்கள். நேரமாகிறதாம்.

ஆய்விதழ்களில் எழுதிப் பணியில் உயர்வது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பதவி உயர்வை மறந்துவிட்டு அறிவைத் தேடுங்கள் என்று நான் உபதேசிக்கப் போவதில்லை. மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வாங்குகிறவன், கௌரவ விரிவுரையாளராகக் காலம் தள்ளும் இளைஞரிடம் அப்படிச் சொல்வது அழகல்ல. எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். துறை தெரிந்த ஒருவர் உட்கார்ந்து படிக்கிற கட்டுரைதான் கடைசியில் ஆளை மேலே தூக்குகிறது. அந்த ஒருவரை எப்படிப் பிடிப்பது என்று பார்ப்போம்.

முதலில் கணக்கைப் பேசிவிடலாம். 2018-இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி வெளியிட்ட விதிமுறைகளில் ஓர் அட்டவணை இருக்கிறது. கலை, மொழி, சமூக அறிவியல் துறைகளில் ஓர் ஆய்விதழ்க் கட்டுரைக்கு 10 மதிப்பெண். அறிவியல் துறைகளில் 8. இம்பாக்ட் ஃபேக்டர் உள்ள இதழென்றால் அதற்கேற்பக் கூடுதல். நேரடி நியமனத்தில் இணைப் பேராசிரியருக்கு 7 கட்டுரையும் 75 மதிப்பெண்ணும், பேராசிரியருக்கு 10 கட்டுரையும் 120 மதிப்பெண்ணும் வேண்டும். ஒரு முழு நூலை மொழிபெயர்த்தால் எவ்வளவு தெரியுமா? 8. மூன்று ஆண்டு முதுகு வளைந்து ஒரு பெரிய நூலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரைவிட, ஐந்து பக்கக் கட்டுரை ஒன்றை அச்சேற்றியவர் இரண்டு மதிப்பெண் மேலே நிற்கிறார்.

அதே அட்டவணையின் அடியில் கூட்டாக எழுதுவோருக்கான விதி இருக்கிறது. இரண்டு பேர் எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம். அதாவது 10 மதிப்பெண் கட்டுரையைத் தனியாக எழுதினால் 10. இரண்டு பேர் பெயர் போட்டால் 7-ம் 7-ம் சேர்ந்து 14. இரண்டு பேருக்கு மேல் போனால் முதன்மை ஆசிரியருக்கு 70 சதவீதம், கூட இருக்கும் ஒவ்வொருவருக்கும் 30 சதவீதம். எப்படிப் பார்த்தாலும் தனியாக எழுதுவதைவிட மொத்தம் கூடுகிறது. "நீ என் பேரைப் போடு, நான் உன் பேரைப் போடறேன்" என்று துறைக்குள் நடக்கும் ஒப்பந்தங்களுக்கு மனிதர்களின் பேராசைதான் காரணம் என்கிறோம். அட்டவணை போட்டவரும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம்.

இது ஒரே நாளில் வந்ததல்ல. 2009-ஆம் ஆண்டு விதிமுறை, முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்றது. 2010-இல் ஆசிரியர்களின் பணியை எண்ணால் அளக்கும் ஏபிஐ ஸ்கோர் வந்தது. நாடு முழுவதும் ஆயிரக்கணக்கானோருக்குத் திடீரென்று கட்டுரை வெளியாக வேண்டிய கட்டாயம். வெளியிட அவ்வளவு நல்ல இதழ்கள் இல்லை. தேவை இருக்குமிடத்தில் கடை முளைக்கும். பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில், "ஸ்கோபஸ் பப்ளிகேஷன் செய்து தரப்படும்" என்று சுவரொட்டி ஒட்டுகிற புராஜெக்ட் சென்டர்கள் வந்தன.

2017-இல் யூஜிசி தானே அங்கீகரித்த இதழ்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. 30,000-க்கும் மேல். அதில் பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்துச் சேர்ந்த இதழ்களில் 1,009-ஐ எடுத்து ஆராய்ந்து, பூஷண் பட்வர்தனும் அவருடைய குழுவினரும் 2018-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள்: 88 சதவீதத்துக்கு மேல் தரமற்றவையாக இருக்கக்கூடும் என்று. பரிந்துரைத்தவை பல்கலைக்கழகங்கள் என்பதைக் கவனியுங்கள். அதே ஆண்டு மே மாதம் 4,305 இதழ்களை யூஜிசி நீக்கியது. பிறகு தரமான இதழ்களின் புதிய பட்டியலாகக் கேர் லிஸ்ட் வந்தது. கேர் லிஸ்டில் உள்ள இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே திருடிப் போலி இணையதளம் நடத்துகிறவர்கள் வந்தார்கள். அவற்றுக்கும் தனியாக ஒரு எச்சரிக்கைப் பட்டியல் போட வேண்டியதாயிற்று. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்பதை 2022-இல் எடுத்தார்கள். 2025 பிப்ரவரியில் கேர் லிஸ்டையும் கைவிட்டு, இதழின் தரத்தை அந்தந்தக் கல்வி நிறுவனமே முடிவு செய்துகொள்ளட்டும் என்று அறிவித்தார்கள்.

பட்டியல்கள் வரும், போகும். பட்டியலை நம்பி 2017-இல் எழுதிய சிலர் 2018-இல் தங்கள் இதழை அதில் காணாமல் விழித்தார்கள். ஆகவே பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது ஆபத்து.

இம்பாக்ட் ஃபேக்டர் பற்றியும் ஒரு சொல். யூஜீன் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் 1960-களில் தம் மேற்கோள் அட்டவணைக்கு எந்தெந்த இதழ்களைச் சேர்க்கலாம் என்று தீர்மானிக்க அந்தக் கணக்கை உருவாக்கினார். ஓர் இதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளை இந்த ஆண்டு சராசரியாக எத்தனை தடவை மேற்கோள் காட்டினார்கள் என்பதுதான் அது. இதழைத் தேர்ந்தெடுக்க உதவிய எண், பிறகு ஆளைத் தேர்ந்தெடுக்கும் எண்ணாகிவிட்டது. சராசரி உயர்வாக உள்ள இதழில் ஒருவர்கூடத் தொடாத கட்டுரைகளும் ஏராளம் உண்டு.

சரி, கட்டுரை உண்மையிலேயே ஒருவருடைய வாழ்க்கையை மாற்றியிருக்கிறதா? நமக்குப் பக்கத்திலேயே கதை இருக்கிறது.

1928-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் சொம்மர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரி மாணவன் ஒருவன் அவரைப் போய்ப் பார்த்தான். நீ படித்த இயற்பியல் பழசாகிவிட்டது என்று அவர் சொல்லி, இன்னும் அச்சாகாத தம் கட்டுரையின் மெய்ப்புத் தாள்களை அவன் கையில் கொடுத்தார். அவன் அதைப் படித்தான். நூலகத்தில் கேம்பிரிட்ஜ் ஃபவுலரின் கட்டுரையையும் கண்டுபிடித்துப் படித்தான். பிறகு தானே ஒரு கட்டுரை எழுதி, அதை ஃபவுலருக்கே அனுப்பினான். 1929-இல் ராயல் சொசைட்டியின் இதழில் அது வந்தது. அனுப்பியபோது அவனுக்கு வயது 18. அடுத்த ஆண்டு உதவித்தொகையோடு கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறி அதே ஃபவுலரிடம் ஆய்வு மாணவனாகச் சேர்ந்தான். சுப்பிரமணியன் சந்திரசேகர் என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். நோபல் பரிசைப் பற்றி மட்டும் பேசுகிறோம். 1952 முதல் 1971 வரை 'அஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல்' இதழுக்கு அவர் ஆசிரியராக இருந்தார் என்பதையும், மற்றவர் கட்டுரைகளுக்காக அத்தனை ஆண்டு உழைத்தார் என்பதையும் சொல்வதில்லை.

அந்தப் பையன் செய்த காரியத்தைப் பாருங்கள். தன் கட்டுரையைப் படிக்கத் தகுதியானவர் யார் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. காரணம், அவரை அவன் படித்திருந்தான்.

1924-இல் டாக்காவிலிருந்து சத்தியேந்திரநாத் போஸ் செய்ததும் இதையேதான். நாலைந்து பக்கக் கட்டுரையை நேரே ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் தாமே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட வைத்தார். பதிலாக வந்த அஞ்சலட்டையைக் காட்டியதும் பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டு விடுப்புக் கொடுத்தது. ஜெர்மன் துணைத் தூதரகம் கட்டணம் வாங்காமல் விசா கொடுத்தது. முனைவர் பட்டம் இல்லாத மனிதர் 1926-இல் பேராசிரியரானார். உடனே எல்லாரும் பெரிய ஆட்களுக்கு மின்னஞ்சல் தட்ட ஆரம்பித்துவிடாதீர்கள். போஸ் கையில் சரக்கு இருந்தது.

ராமானுஜன் கதை எனக்கு இவற்றைவிட நெருக்கமானது, ஏனென்றால் அதில் ஓர் இதழாசிரியர் வருகிறார். இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் 1911-இல் ராமானுஜனின் முதல் கட்டுரை வந்தது, பெர்னூலி எண்களைப் பற்றி. அப்போது அவருக்கு வேலையில்லை, பட்டமும் இல்லை. கணக்கு அபாரமாக இருந்தது; எழுத்து யாருக்கும் புரியவில்லை. ஆசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார் அதைத் தூக்கி எறியவில்லை. தெளிவாக எழுதுங்கள், படிகளை விடாதீர்கள் என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். அந்தக் கட்டுரை வந்த பிறகு சென்னைக் கணிதக்காரர்களிடையே ராமானுஜன் பெயர் பரவிற்று. 1912-இல் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளம். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் 75 ரூபாய் உதவித்தொகை. அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த ஹார்டி வரும் படங்களே வந்துவிட்டன. நாராயண ஐயங்காரை யார் நினைக்கிறார்கள்?

திருத்தி அனுப்பு என்று கட்டுரையை மதிப்பிடும் ரெஃபரி எழுதினால் நம் பிள்ளைகள் முகம் சுருங்கிவிடுகிறது. இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸ் 1964-இல் அனுப்பிய இரண்டாவது கட்டுரையை 'பிசிக்ஸ் லெட்டர்ஸ்' நிராகரித்தது. இதனால் என்ன விளைவு என்று கேட்பவருக்குப் பதிலாக அவர் கொஞ்சம் சேர்த்து எழுதி, வேறோர் இதழுக்கு அனுப்பினார். புதிய துகள் ஒன்று இருக்க வேண்டும் என்ற குறிப்பு அப்படிச் சேர்த்த பகுதியில்தான் இருக்கிறது. 2013-இல் நோபல் வந்தபோது உலகம் பேசியது அந்தத் துகளைப் பற்றித்தான். எண்ணிக்கை கேட்கும் இன்றைய பல்கலைக்கழகத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்காது என்று அவரே சொன்னார்.

இனி நடைமுறைக்கு வருவோம்.

தலைப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஆசிரியர் மேசையில் பாதிக் கட்டுரைகள் அங்கேயே விழுந்துவிடுகின்றன. "ஏரிப் பாசனம் – ஓர் ஆய்வு" என்று தலைப்பு. சுருக்கத்தில், "இக்கட்டுரை ஏரிப் பாசனத்தின் தோற்றம், வளர்ச்சி, இன்றைய நிலை ஆகியவற்றை ஆராய்கிறது." முடிவுரையில், "இதன்வழி ஏரிப் பாசனத்தின் சிறப்பு அறியப்படுகிறது." இதே பையன் வயலில் நாலு மாதம் அலைந்திருப்பான். டீக்கடையில் உட்கார்ந்து கேட்டால் அருமையாகச் சொல்வான்: "சார், அந்த ஊர்ல நீர்க்கட்டிக்குக் கூலி நெல்லாத்தான் அளந்தாங்க. போர்வெல் வந்தப்புறம், மேட்டு நிலக்காரங்க நெல் அளக்க மாட்டேன்னுட்டாங்க. கூலி பணமாச்சு, அப்புறம் ஆளே இல்லாமப் போச்சு. மதகு திறக்க ஆளில்லாமத்தான் ஏரி கெட்டுச்சு." இதுதானப்பா கட்டுரை! இதை ஏன் எழுதவில்லை என்றால், "அதெல்லாம் ரெண்டாவது இயல்ல ஒரு பத்தியில வருது சார்" என்கிறான். அந்த ஒரு பத்தியை வெளியே எடுத்து, எந்த ஊர், எத்தனை வீடு, யார் சொன்னது, கணக்குப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று எழுதினால் நல்ல இதழ் எதுவும் வாங்கிக்கொள்ளும். ஆய்வேட்டின் ஓர் இயலை அப்படியே வெட்டி அனுப்புவதில் பயனில்லை. இயல் தேர்வாளருக்காக எழுதியது. எல்லாம் படித்திருக்கிறேன் என்று காட்டுவது அதன் வேலை. கட்டுரைக்கு ஒரு கேள்வி போதும்.

இதழைத் தேர்வதும் இப்படியே. உங்கள் கட்டுரையின் அடிக்குறிப்புகளைப் பாருங்கள். அதில் எந்த இதழ்கள் திரும்பத் திரும்ப வருகின்றனவோ அவைதாம் உங்கள் வாசகர்கள் இருக்குமிடம். ஓர் இதழ்கூட வரவில்லையென்றால், அனுப்புவதற்கு முன் படிக்க வேண்டியது பாக்கி இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பாதீர்கள். பதில் வர மாதக் கணக்காகும். அடுத்த மாதம் பதவி உயர்வுக்கான கேஸ் இன்டர்வியூ என்று இந்த மாதம் கட்டுரை எழுத உட்காருகிறவர்கள்தான் சுவரொட்டிக் கடைக்குப் போகிறார்கள்.

ரெஃபரியின் அறிக்கை வந்தால் அன்று பதில் எழுதாதீர்கள். இரண்டு நாள் கழித்து, அவர் சொன்னதை எண் போட்டுப் பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் என்ன மாற்றினேன், எந்தப் பக்கத்தில் என்று எழுதுங்கள். அவர் சொல்வது தவறென்றால் தவறு என்று காரணத்தோடு எழுதலாம்; யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவர் புரிந்துகொள்ளவில்லை என்று தோன்றினால் பெரும்பாலும் நாம் புரியும்படி எழுதவில்லை.

மோசடியை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. முன்பின் தெரியாதவர் "மதிப்புக்குரிய பேராசிரியரே" என்று மின்னஞ்சல் அனுப்பிக் கட்டுரை கேட்டால், மூன்று நாளில் ஏற்றுக்கொண்டேன் என்றால், ஜிபே எண் கொடுத்தால், போதும். ஐஎஸ்எஸ்என் இருக்கிறதே என்பார்கள். அது எட்டு இலக்க அடையாள எண். டெல்லியில் விண்ணப்பித்தால் இலவசமாகக் கிடைக்கும். தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2013-இல் ஜான் போஹனன் என்ற பத்திரிகையாளர், லைக்கன் என்ற கற்பாசியிலிருந்து புற்றுநோய் மருந்து என்று வேண்டுமென்றே ஓட்டைகள் வைத்த பொய்க் கட்டுரை ஒன்றை 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அந்தப் பட்டியலில் இந்திய முகவரிகள் நிறைய. ஹைதராபாத்தின் ஓமிக்ஸ் நிறுவனம் ஆய்வாளர்களை ஏமாற்றியது என்று 2019-இல் அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்தச் சொன்னது. ஏற்றுக்கொண்ட பிறகே கட்டணத்தைச் சொல்வது, கட்டுரையைத் திரும்பக் கேட்டால் கொடுக்க மறுப்பது என்று குற்றச்சாட்டுகள் நீண்டன. அந்தக் கடைசி விஷயம் முக்கியம். நல்ல கட்டுரையை அவசரத்தில் மோசமான இடத்தில் கொடுத்துவிட்டால் அது போனதுதான். ஒருமுறை வெளியானதை வேறு நல்ல இதழ் தொடாது.

பெரிய பெயர் என்றாலும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. அமெரிக்காவின் வைலி நிறுவனம் 2021-இல் ஹிந்தாவி பதிப்பகத்தை ஏறத்தாழ 30 கோடி டாலருக்கு வாங்கியது. போலிக் கட்டுரைகளைத் தயாரித்து விற்கும் கும்பல்கள் அதன் சிறப்பிதழ்களுக்குள் புகுந்திருந்தது தெரியவந்து, 2023-இல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார்கள். ஸ்கோபஸில் வந்தது என்று பதவி உயர்வு வாங்கியவர் பெயருக்கு நேரே இன்று 'திரும்பப் பெறப்பட்டது' என்று சிவப்பில் நிற்கிறது. கூகுளில் தட்டினால் அதுவும் வரும்.

கட்டணம் வாங்குகிற இதழெல்லாம் போலி என்றும் சொல்லக் கூடாது. திறந்த அணுகல் முறையில் வெளியிட 'நேச்சர்' 2021 முதல் 9,500 யூரோ கேட்டது. நம் உதவிப் பேராசிரியர் ஒருவரின் பல மாதச் சம்பளம். ஆனால் சந்தா முறையில் வெளியிடும் பெரும்பாலான நல்ல இதழ்கள் எழுதுகிறவரிடம் ஒரு காசு கேட்பதில்லை. இது தெரியாமல்தான் பலர் கடன் வாங்குகிறார்கள்.

வெளிநாட்டு இதழ்தான் உசத்தி என்ற எண்ணத்தைப் பற்றி. சி.வி. ராமன் தம் ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பை 1928 மார்ச்சில் பெங்களூரில் பேசினார். அந்த உரையைத் தாமே தொடங்கிய 'இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்' இதழில் உடனே அச்சிட்டு, உலகெங்கும் உள்ள இயற்பியலாளர்களுக்குத் தபாலில் அனுப்பினார். 'நேச்சர்' இதழுக்கும் குறிப்பு எழுதினார், அது வேறு. மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மண்டெல்ஷ்டாம் இருவரும் அதே விளைவை ராமனுக்குச் சில நாள் முன்பே பார்த்திருந்தார்கள். ஆனால் அவர்கள் அச்சேற்றியது ஜூலையில். 1930-இல் நோபல் பரிசு யாருக்குப் போனது என்று தெரியும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு நா. வானமாமலையை நினைவூட்டுகிறேன். பாளையங்கோட்டையில் டுடோரியல் நடத்திக்கொண்டிருந்த மனிதர். 1969-இல் 'ஆராய்ச்சி' என்று காலாண்டிதழ் தொடங்கினார். நெல்லை ஆய்வுக் குழுவில் ஒருவர் கட்டுரை படிப்பார். மற்றவர்கள் கேள்வி கேட்டுக் கிழிப்பார்கள். திருத்திய பிறகு அச்சுக்குப் போகும். ரெஃபரி முறைக்கு இதைவிட என்ன வேண்டும்? எந்தப் பட்டியலிலும் இல்லாத அந்த இதழை நாட்டாரியல் ஆய்வு செய்கிறவர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். இன்று ஐஎஸ்பிஎன் போட்டு வருகிற கருத்தரங்க மலர்களில் 200 கட்டுரை இருக்கிறது. எழுதியவரும் மெய்ப்புத் திருத்தியவரும் படித்திருக்கலாம். மெய்ப்புத் திருத்தியவர் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு.

கைடு பெயரைப் போடலாமா என்று பலர் தனியாகக் கேட்டார்கள். கேள்வியை உருவாக்கியதிலோ தரவைச் சேர்த்ததிலோ எழுதியதிலோ அவர் பங்கு இருந்தால் போட வேண்டும். கையெழுத்து மட்டும் போட்டவர் என்றால் நன்றியுரையில் இடம் இருக்கிறது. சொல்வது எளிது, வைவா அவர் கையில் இருக்கிறது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். கட்டுரை எழுதத் தொடங்கும் முன்பே இதைப் பேசிவிடுங்கள். முடிந்த பிறகு பேசினால் சண்டைதான்.

கடைசியாக, படிக்கக் கிடைப்பதைப் பற்றி. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் 2025 ஜனவரி முதல் அரசுக் கல்லூரிகளுக்கும் திறந்திருக்கின்றன. இங்கே எத்தனை பேர் உள்ளே போய்ப் பார்த்தீர்கள் என்று கை தூக்கச் சொல்லப் போவதில்லை. நாளைக் காலை நூலகரிடம் லாகின் கேளுங்கள். சுயநிதிக் கல்லூரிக்காரர்கள் இந்த முதல் கட்டத்தில் இல்லை. அவர்கள் கட்டுரை எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்பலாம்; முகவரி கட்டுரையின் முதல் பக்கத்திலேயே இருக்கும். பெரும்பாலோர் பிடிஎஃப்பை மறுநாளே அனுப்பிவிடுவார்கள். அனுப்பினால் படித்துவிட்டு, இன்ன பக்கத்தில் நீங்கள் சொன்னது எங்கள் ஊர்த் தரவோடு ஒத்துவரவில்லை, காரணம் என்னவாக இருக்கும் என்று மூன்று வரி எழுதுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் வந்தாலும் வராவிட்டாலும் உங்கள் அடுத்த கட்டுரை அங்கே தொடங்கிவிட்டது. அதை ஏதாவது ஓர் இதழ் ரெஃபரிக்கு அனுப்பும்போது அது அவர் மேசைக்கே போய்ச் சேரவும் கூடும்.